சேமக்காலையில் ஒரு வள்ளம்

சவுக்கந்துறைக் கடற்றொழிலாளர் நலன்புரிச் சங்கத்தின் தலைவர் லெனாட், திருநாட்டு யாத்திரைக்குப் போய்த் திரும்பி வந்த நாளிலிருந்துதான் கனிசியஸுக்குக் கெட்ட காலம் தொடங்கியது. இத்தனைக்கும் அவர் நல்லபடியாகப் போய் நல்லபடியாக வரவேண்டும் என்று மாதா கோவிலில் மெழுகுதிரி கொளுத்தியவர்களில் கனிசியஸும் ஒருவன். அந்தத் திரியை நினைத்தால் இப்போதும் அவனுக்கு வயிறு எரியும்.

யாத்திரைக்குப் போனவர்கள் எல்லோரும் செபமாலையும் யோர்தான் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். தலைவர் மட்டும் கைக்கு அடக்கமான ஒரு கல் பிரமிட்டு கொண்டுவந்தார். வரும் வழியில் எகிப்திலும் இறக்கி ஏற்றினார்களாம். அதைச் சங்க மண்டபத்து மேசையில் வைத்துவிட்டு, வரவேற்புக் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பெத்லகேமுக்கும் போனனான். நல்ல இடம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் சின்ன இடம். குனிஞ்சு போகவேணும். யெருசலேமிலை ஆண்டவற்றை கல்லறையையும் பாத்தனான். உள்ளுக்கை ஒண்டும் இல்லை. வெறுமை! எகிப்திலை பாருங்கோ. ராசா செத்து எத்தினை ஆயிரம் வருசம். ஆள் அப்பிடியே கிடக்கிறார். நகம் கிடக்குது, மயிர் கிடக்குது. அதுதான் தலைமைத்துவம்!"

முன்வரிசையில் இருந்த பங்குச் சுவாமி இருமினார். தலைவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

"நான் எத்தினை வருசமா இந்தச் சங்கத்துக்குத் தலைவரா இருக்கிறன்? உங்களுக்கும் ஞாபகம் இல்லை, எனக்கும் ஞாபகம் இல்லை. நாளைக்கு நான் செத்தால் நீங்கள் என்ன செய்வியள்? மதிலிலை ஒரு கண்ணீர் அஞ்சலிப் போஸ்ரர். முப்பத்தோராம் நாள் ஒரு சாப்பாடு. அடுத்த கிழமை வேறை ஒருத்தன் என்ரை கதிரையிலை இருப்பான். இதுதானோ நீங்கள் எனக்குச் செய்யிற கைம்மாறு?"

சனம் வெட்கப்பட்டுக் கைதட்டியது. கனிசியஸும் தட்டினான். ஒரு மனிதன் தன் சாவைப் பற்றி இவ்வளவு உருக்கமாகக் கதைக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அடுத்த மாதமே ஊர்க் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில், கடலைப் பார்த்த பக்கமாக, தலைவருக்குப் பிரமிட்டு எழும்பத் தொடங்கியது. வீட்டுக்கு ஒருவர் சிரமதானம். எங்கள் ஊரில் கல்லறை என்பது செத்தவர்களுக்கு என்று நினைத்திருந்த இரண்டொருவர் சுவாமியிடம் போய் முறையிட்டார்கள். சுவாமி மன்னாரிலிருந்து புதிதாக வந்தவர். திருவிழாவுக்குப் பந்தல் போடுவது யார், பாண்ட் வாத்தியம் பிடிப்பது யார் என்பதெல்லாம் வந்த முதற்கிழமையே அவருக்கு விளங்கியிருந்தது.

"திருச்சபை பிரமிட்டுக்கு எதிர் எண்டு நான் எங்கையும் வாசிக்கேல்லை," என்றார் சுவாமி. "உச்சியிலை ஒரு சிலுவை வைக்கச் சொல்லுங்கோ. மிச்சத்தை ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்."

இதற்கிடையில் சந்தைப் பூனைகளை யாரும் அடிக்கக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எகிப்தில் பூனை தெய்வமாம். தன் கூடையிலிருந்து ஒரு கொழுத்த விளைமீனைத் தூக்கிக்கொண்டு போன பூனையைத் துரத்தியதற்காகக் கனிசியஸுக்குச் சங்கம் எச்சரிக்கை கொடுத்தது. பூனைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, அதுதான் ஏற்கனவே எடுத்துக்கொண்டுவிட்டதே.

பிரமிட்டு இடுப்பளவு உயர்ந்தபோது தலைவருக்குப் புதிய யோசனை வந்தது. உடம்பைப் பழுதாகாமல் வைத்திருப்பது எப்படி? எகிப்தியர் குடலை எடுத்துவிட்டு, உடம்பை உப்புக்குள் புதைத்து, ஈரம் முழுக்க வற்றியபிறகு துணியால் சுற்றினார்கள் என்று வழிகாட்டி சொல்லியிருந்தான். இதைத் தலைவர் நிர்வாகக் கூட்டத்தில் பயபக்தியோடு விளக்கிக்கொண்டிருக்க, தேத்தண்ணி கொண்டுவந்த ஸ்ரெல்லா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "உது கருவாடு போடுறதெல்லோ?" என்றாள்.

ஸ்ரெல்லா கனிசியஸின் மனைவி. சவுக்கந்துறையில் அவளுடைய கட்டாக் கருவாட்டுக்கு நிகர் இல்லை. பருத்தித்துறைக் கடைக்காரர் வீடு தேடி வந்து வாங்கிப் போவார்கள். அவள் பகிடியாகச் சொன்னதைத் தலைவர் பகிடியாக எடுக்கவில்லை. கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"பாத்தியளோ! எகிப்துக்காரன் ஆயிரக்கணக்கான வருசமாக் கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சதை எங்கடை பெண்டுகள் குசினிக்குப் பின்னாலை செய்யுதுகள். இந்த அறிவு அழியக்கூடாது. பிள்ளை, நீதான் என்னைப் பதப்படுத்தும் உபகுழுவுக்குத் தலைவி."

ஸ்ரெல்லா கூட்டத்தில் ஓரமாக இருந்த கனிசியஸைப் பார்த்தாள். கனிசியஸ் நிலத்தைப் பார்த்தான்.

"ஐயா, எனக்குக் கட்டா தெரியும், சீலா தெரியும். மனுசர் பழக்கமில்லை."

"எல்லாம் ஒண்டுதான். நடுவாலை கீறுவியோ, பக்கத்தாலை கீறுவியோ?"

"கட்டாவை எண்டால் முதுகாலை கீறுறனான்."

தலைவர் தன் முதுகை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "சரி. புழு வைக்குமோ?"

"வெய்யில் நல்லா எறிச்சால் வைக்காது. மாரியிலை போட்டால் வைக்கும்."

"அப்ப நான் கோடையிலைதான் சாகவேணும்," என்றார் தலைவர். "செயலாளர், உதைத் தீர்மானமா எழுதும்."

செயலாளர் எழுதினான். அவன் பெயர் ஜெனிஸ்ரன். ஸ்ரெல்லாவின் ஒரே தம்பி. தகப்பனைக் கடல் கொண்டுபோன வருடம் கனிசியஸ் அவனைத் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டான். ஒருவருடம் இரண்டுவருடம் அல்ல, மீசை முளைத்து அதை முறுக்குகிற வரைக்கும். அவன் கடலுக்குப் பயந்தான் என்பதற்காகச் சங்கத்தில் செயலாளர் பதவிக்குப் போட்டியிட வைத்து, மழைக்குள் குடையும் இல்லாமல் வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்டதும் கனிசியஸ்தான். அத்தான் என்று கூப்பிடும்போது ஜெனிஸ்ரனின் குரலில் ஒரு தேன் இருக்கும். பூசையில் வாசகம் வாசிப்பவனும் அவன்தான் என்பதால் அந்தத் தேன் ஊருக்கெல்லாம் பழக்கம்.

அந்தக் குரல்தான் வினையாக முடிந்தது.

சங்கத்தின் பொதுக்கூட்டம் எப்போதும் காலையில், வள்ளங்கள் கரைக்கு வந்து மீன் விற்று முடிந்த பிறகு நடக்கும். இரவு முழுக்கக் கடலில் கிடந்த சனம், வயிற்றில் பழஞ்சோறும் கண்ணில் நித்திரையுமாக வந்து வாங்கில்களில் சாயும். முதலில் செபம், பிறகு தீர்மானங்கள், கடைசியில் மறுபடி செபம். எங்கே செபம் முடிகிறது எங்கே தீர்மானம் தொடங்குகிறது என்று பார்க்கிற அளவுக்கு யாருக்கும் கண் திறந்திருக்காது. ஜெனிஸ்ரன் எல்லாவற்றையும் ஒரே இராகத்தில் வாசிப்பான்.

"நோயாளிகளுக்காகவும் கடலில் மரித்தவர்களுக்காகவும் மன்றாடுவோமாக."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது சபை.

"மாரிகாலத்தில் எம்மைக் காத்தருளும்படியாக."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

"எகிப்திய மன்னனின் கல்லறைக்கு அருகே அவனது மறுமைப் பயணத்துக்காக வள்ளமொன்று புதைக்கப்பட்டிருந்ததுபோல, எமது தலைவரின் மறுமைப் பயணத்துக்காகவும், அங்கத்தவர் கனிசியஸ் அவர்கள் தமது வள்ளத்தையும் எஞ்சினையும் மனமுவந்து அர்ப்பணிக்கும்படியாக."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது சபை. அதில் எல்லோருக்கும் மேலாகக் கேட்டது கனிசியஸின் குரல். சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கோவிலில் உரத்துச் சொல்லிப் பழக்கம்.

பக்கத்தில் இருந்தவன் கையைப் பிடித்துக் குலுக்கியபோதுதான் அவனுக்குக் கண் திறந்தது. நடந்ததைக் கேட்டு விளங்கிக்கொள்ள இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. எழும்பி நின்று, "அது என்ரை வள்ளம்," என்றான்.

"அதுதானே தம்பி பெருமை," என்றார் தலைவர். கண் கலங்கியிருந்தது. "ஊரிலை இருக்கிறதுக்குள்ளை திறம் வள்ளம் உன்ரைதான். ஓட்டை வள்ளத்திலை என்னை அனுப்ப உனக்கு மனம் வருமோ?"

"ஐயா சாகட்டும், பிறகு பாப்பம்."

"நான் செத்தாப் பிறகு நீங்கள் செய்வியள் எண்டு எனக்கு நம்பிக்கை இல்லை. உங்களை இத்தினை வருசமா நான்தானே நடத்தினனான். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதோ?"

அந்த வள்ளத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். ஆர் ஆருடைய வள்ளங்களிலோ கூலிக்குப் போய், முதுகு காய்த்து, தாலிக்கொடி உட்பட வீட்டிலிருந்த பொன் எல்லாம் உருகிப்போய் வாங்கியது. நீல நிறம். பொழுதுபடும் நேரம் அதைத் தள்ளிக் கடலில் இறக்கும்போது கனிசியஸுக்குத் தான் ஒரு மனிதன் என்ற எண்ணம் வரும். கரையில் நிற்கிறவனுக்கு அந்த எண்ணம் வராது. அவன் கரையிலும் நின்று பார்த்தவன், ஆகவே அவனுக்கு வித்தியாசம் தெரியும்.

கூட்டம் முடிந்ததும் ஜெனிஸ்ரனை மண்டபத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"என்ன வேலையடா இது?"

"அத்தான், சத்தம் போடாதேங்கோ. அவர் கிழவன், ஒரு ஆசை. இல்லையெண்டு சொன்னால் சங்கத்தாலை உங்களை நிப்பாட்டுவினம், பிறகு எண்ணெயும் இல்லை ஐசும் இல்லை. நான் யோசிச்சுத்தான் செய்தனான். பிரமிட்டின்ரை கடல் பக்கச் சுவரை நான் வெறுங்கல்லாலை மட்டும் அடுக்குவிக்கிறன். சீமெந்து பூசமாட்டம். திறப்புவிழா முடிஞ்சு சனம் போகட்டும். கல்லை எடுத்துப்போட்டு நாங்கள் ரெண்டுபேருமா வள்ளத்தை வெளியிலை இழுப்பம். அவர் உள்ளுக்கை போய்ப் பாக்கப்போறாரோ?"

"உண்மையாவோ?"

"அக்காவாணை, அத்தான்."

அக்கா என்றால் ஸ்ரெல்லா. அவள் தலையில் ஆணையிட்டபிறகு கனிசியஸ் வேறு என்ன கேட்பான்? தன் கையாலேயே வள்ளத்தைக் கழுவினான். தன் கையாலேயே உருளைத்தடி வைத்துச் சேமக்காலை வரைக்கும் தள்ளினான். எஞ்சினை மட்டும் கழற்றி வைக்கலாமா என்று கேட்டதற்கு, "மறுமையிலை காத்து விழுந்துபோனால் நான் தண்டு வலிக்கிறதோ?" என்று தலைவர் கோபித்துக்கொண்டார். ஒரு கலன் மண்ணெண்ணெயும் உள்ளே போனது.

திறப்புவிழாவுக்கு வாழை கட்டி, பாண்ட் வாத்தியம் பிடித்திருந்தார்கள். கடற்றொழில் அதிகாரி ஒருவர் பிரதம விருந்தினராக வந்தார். ஸ்ரெல்லாவுக்கு மேடையில் கதிரை போட்டு, 'பதப்படுத்தல்' என்று நெஞ்சில் ஒரு ரிபன் குத்தியிருந்தார்கள். அவள் உட்காரவும் முடியாமல் எழும்பவும் முடியாமல் பாதிக் கதிரையில் இருந்தாள்.

முதலில் இதயத்தை நிறுக்கும் சடங்கு. எகிப்தில் செத்தவனின் இதயத்தைத் தராசில் ஒரு தட்டில் வைத்து மறுதட்டில் ஒரு இறகை வைப்பார்களாம். இதயம் இறகைவிடப் பாரம் என்றால் ஆள் பாவி. தலைவர் உயிரோடு இருந்தபடியால், இதயத்துக்குப் பதிலாகச் சங்கத்தின் இரும்பு முத்திரையைச் சங்கத்தின் பழைய தட்டுத் தராசில் வைத்தார்கள். மறுதட்டில் ஒரு கோழியிறகு. சனம் மூச்சுவிடாமல் பார்த்தது.

"ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ," என்றார் தலைவர் சிரித்துக்கொண்டே. "இந்தத் தராசு உங்களுக்குத் தெரிஞ்ச தராசு. இவ்வளவு காலமும் உங்கடை மீனை எல்லாம் இதிலைதான் நிறுத்தனாங்கள். இது ஒருநாளும் கூடக் காட்டினதில்லை."

முத்திரை மேலே போனது, இறகு கீழே வந்தது. பாண்ட் முழங்கியது. தங்கள் வாழ்நாள் மீன் முழுவதும் எப்படி நிறுக்கப்பட்டது என்பதைக் கண்ணாரக் கண்ட சனம் எழும்பி நின்று கைதட்டியது.

அடுத்து அதிகாரி பேசினார். "ஒரு மீனவருடைய வள்ளத்துக்கு எத்தனை ஆபத்துக்கள்! புயல் இருக்கிறது. பாறை இருக்கிறது. வலையை அறுக்கும் இழுவைப்படகுகள் இருக்கின்றன. இவை குறித்து எமது திணைக்களத்துக்கு நாளாந்தம் முறைப்பாடுகள் வருகின்றன. ஆனால் இன்று இங்கே ஒரு வள்ளம் நிரந்தரமாகப் பாதுகாக்கப்படுகிறது. இதற்கு இனி எந்தச் சேதமும் வராது. வட மாகாணத்தின் எல்லா வள்ளங்களும் இந்த நிலையை அடையுமானால் எமது திணைக்களத்துக்கு ஒரு முறைப்பாடும் இருக்காது என்பதைப் பெருமையுடன் கூறிக்கொள்கிறேன்."

சுவாமி தண்ணீர் தெளித்தார். வள்ளத்தை உள்ளே தள்ளிக் கடல் பக்கச் சுவரைக் கல்லால் அடுக்கினார்கள். வெறுங்கல்தான். கனிசியஸ் ஒவ்வொரு கல்லையும் பார்த்துக்கொண்டு நின்றான். எது முதலில் இளகும், எதை முதலில் எடுக்கலாம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டான். பிறகு பேருக்கு ஒரு சிரட்டையளவு அல்ல, பெரிய தாச்சி நிறையக் குழைத்த சீமெந்து வந்தது. சாந்து பூசும் வெள்ளிக் கரண்டி ஒன்றைத் தட்டத்தில் வைத்து அதிகாரியிடம் நீட்டினார்கள். அவர் பேருக்கு ஒரு பூச்சுப் பூசிவிட்டுக் கையைத் துடைத்தார். கரண்டியை வாங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டு, மேலிருந்து கீழாக, மூலை முடுக்கு விடாமல், அழுத்தி அழுத்திப் பூசியவன் ஜெனிஸ்ரன்.

கனிசியஸ் சனத்தை விலக்கிக்கொண்டு அவனுக்குப் பின்னால் போய் நின்றான்.

"ஜெனிஸ்ரன். வெறுங்கல் எண்டாய்."

"அத்தான், அதிகாரி நிக்கிறார்," என்றான் ஜெனிஸ்ரன், திரும்பாமல்.

"அக்காவாணை எண்டாய்."

"அத்தான், வீடியோ எடுக்கிறாங்கள். தள்ளி நில்லுங்கோ, உங்கடை நிழல் விழுகுது."

கனிசியஸ் தள்ளி நின்றான். அதை நினைத்துத்தான் பிறகு பல நாள் அவனுக்கு நித்திரை வரவில்லை. வள்ளம் போனதைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம். தள்ளி நில் என்றதும் தள்ளி நின்றேனே என்று நெஞ்சு வெந்தது. கரண்டியைப் பறித்திருக்கலாம், கத்தியிருக்கலாம், குறைந்தபட்சம் நிழலையாவது விழவிட்டிருக்கலாம். தன் வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் உட்கார்ந்து வாந்தியெடுத்த பெடியன், வாயைத் துடைத்துவிட்ட கையையே தட்டிவிடுவான் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

ஸ்ரெல்லா ரிபனைக் கழற்றிக் கிணற்றடியில் எறிந்தாள். தம்பியோடு கதைப்பதை விட்டாள். அதனால் வள்ளம் வந்துவிடவில்லை. வாடைக்காற்று ஓய்ந்து நல்ல மீன் பிடிக்கும் காலம் வந்தபோது கனிசியஸ் மறுபடியும் மற்றவர்களின் வள்ளங்களில் ஆள் குறைந்த நாட்களில் கூலிக்குப் போனான். ஆள் குறையாத நாட்களில் கரையில் நின்றான். பிரமிட்டை உடைக்கத் தலைவரிடம் அனுமதி கேட்டால், "நான் இன்னும் சாகேல்லை தம்பி, அவசரப்படாதை," என்று பதில் வரும்.

அவர் சொன்னது உண்மைதான். அவர் சாகவில்லை. அந்தக் கோடையிலும் சாகவில்லை. மாறாக, அவருடைய மகள் லவீனா போட்டிருந்த ஸ்பொன்சர் சரிவந்து, அவருக்குக் கனடா விசா வந்தது. நிரந்தரமாக.

ஊரே திரண்டு மாலை போட்டு அழுதது. தலைவர் குளிர்ச்சட்டையை அந்த வெயிலிலும் கழற்றாமல் வான் வண்டிக்குள் ஏறியபோது கனிசியஸ் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, அப்ப வள்ளம்?"

தலைவர் அவன் கையை ஆதரவாகத் தட்டினார். "நீ என்னை நினைச்சுக் கவலைப்படாதை தம்பி. மகள் அங்கையே சேமக்காலையிலை எனக்குக் காணி வாங்கிப்போட்டா. குளிர் நாடு, உப்பும் தேவையில்லை. வள்ளமும் தேவைப்படாது."

"அப்ப நான் எடுக்கட்டோ?"

"அது இனிச் சங்கத்தின்ரை விசயம். புதுத் தலைவரைக் கேள்."

வான் போய்விட்டது. கனிசியஸுக்கு அன்று இரவு சோறு இறங்கியது. பாதகமில்லை, ஒரு வருடம் போனால் என்ன, எஞ்சினைத் துப்புரவாக்கினால் ஓடும், நீலம் மங்கியிருந்தால் பூசலாம் என்று ஸ்ரெல்லாவிடம் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தான். புதுத் தலைவராக ஏகமனதாகத் தெரிவானவன் ஜெனிஸ்ரன் என்று அறிந்தபோதும் அவன் நம்பிக்கை விடவில்லை. பயந்து செய்த பெடியன், இனிப் பயப்பட ஆர் இருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சங்க மண்டபத்துக்குப் போனான்.

ஜெனிஸ்ரன் பெரிய கதிரையில் இருந்தான். எழும்பவில்லை. ஆனால் முன்னால் இருந்த கதிரையைக் காட்டி, "இருங்கோ அத்தான்," என்றான். குரலில் அதே தேன்.

"அவர் கனடாவுக்குப் போட்டார் ஜெனிஸ்ரன். இனி அந்தச் சுவரை உடைப்பம். நான் ஒண்டும் மனசிலை வைச்சிருக்கேல்லை. ஆளுக்கொரு அலவாங்கு எடுத்தால் ஒரு காலமைக்குள்ளை முடிஞ்சிடும்."

ஜெனிஸ்ரன் பெருமூச்சு விட்டான். "அத்தான், நீங்கள் விளங்காமல் கதைக்கிறியள். லெனாட் ஐயா ஒரு ஆள். போட்டார். தலைமை போகேல்லைத்தானே? அந்தக் கல்லறை சங்கத் தலைவருக்கு எண்டுதான் தீர்மானம். இப்ப தலைவர் நான்."

"நீ சின்னப் பெடியனடா. உனக்கு என்னத்துக்குக் கல்லறை?"

"எகிப்திலையும் சின்ன வயதிலைதான் கட்டத் தொடங்கிறவங்களாம்."

கனிசியஸ் எழும்பினான். வாசல் வரைக்கும் போனவனை ஜெனிஸ்ரன் கூப்பிட்டான். இந்தத் தடவை கதிரையை விட்டு எழும்பியே வந்து தோளில் கை போட்டான்.

"அத்தான், நான் உங்களை மறக்கிற ஆளோ? நாளைக்கு எனக்கு ஒண்டு நடந்தால் அந்த வள்ளத்தை ஆர் ஓட்டுறது? எனக்குக் கடல் சரிவராது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. உள்ளுக்கை உங்களுக்கும் ஒரு இடம் ஒதுக்கச் சொல்லிப்போட்டன். நீங்கள் முந்தினால் முந்திப் போய் இருங்கோ. உங்கடை வள்ளத்தை உங்கடை கையிலைதான் தருவன், வேறை ஆருக்கும் குடுக்கமாட்டன்."

கனிசியஸ் கடற்கரைப் பக்கம் போகாமல் ஒழுங்கையால் வீட்டுக்கு வந்தான். முற்றத்தில் கட்டாவுக்கு உப்பு அடைத்துக்கொண்டிருந்த ஸ்ரெல்லா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னவாம் அவன்? தாறானோ?"

"ஓம். தாறானாம். ஓட்டுறதுக்கு என்னைத்தான் போட்டிருக்கிறானாம்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகு. உப்புக் கையை அவசரமாகச் சீலையில் துடைத்தாள்.

"எப்பையிலையிருந்து?"

"நான் செத்த நாளிலையிருந்து," என்றான் கனிசியஸ்.